நான்காம் பலகைப் பெண்

சேசு மரி சூசை

லண்டன்,
8-10-1967

அன்பும் மதிப்பும் உள்ள மதினிக்கு ரோஸி எழுதுவது.

நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. மழையில் குடையில்லாமல் ஸ்டேஷனுக்கு ஓடுகிறீர்களா, அல்லது என் பேச்சைக் கேட்டு ஒன்று வாங்கிவிட்டீர்களா?

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நான் டெலிவிஷனில் வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னோடு துணி மடிக்கும் பெண்ணின் தங்கை ஒரு ஸ்டுடியோவில் உடை தைக்கிறாள். அங்கே வான்வெளிக் கப்பல் கதை ஒன்று எடுக்கிறார்கள். இன்னும் நூறு வருடம் கழித்து நடக்கிற கதை. எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே கப்பலில் போகிறார்களாம், அதற்கு எல்லா நாட்டு முகமும் வேண்டுமாம். என் விடுமுறை நாளில் போனேன். முகத்தைப் பார்த்தார்கள், உயரத்தை அளந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். கப்பலின் பெயர் மெரிடியன். தொடருக்கும் அதே பெயர். சனிக்கிழமை மாலைகளில் வருகிறது.

கேப்டனுக்குப் பின்னால் வரிசையாகப் பலகைகள், குமிழும் விளக்குமாக இருக்கும். நான் நான்காவது. தாளில் எனக்குப் பெயர் கிடையாது, 'நான்காம் பலகைப் பெண்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். வசனமும் கிடையாது. வாயைத் திறந்தால் என்னை நடிகை என்று வைத்து வேறு ஒப்பந்தம் எழுத வேண்டுமாம், அதனால் திறக்க விடமாட்டார்கள். வீட்டுக்கார அம்மாளின் பெட்டியில் போன வாரம் பார்த்தோம். "அதோ உன் முழங்கை" என்று அவள் காட்டினாள். கப்பல் நூலில் தொங்குவது எனக்குத் தெரியும், ஆனாலும் அது உறுமிக்கொண்டு புறப்படும்போது மெய்யாகவே போகிறோம் என்று இருக்கிறது.

வெள்ளி நிறத்தில் கால்சட்டை போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு வாசிக்கும்போது அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் அன்பு
ரோஸி


செம்பூர்,
22-10-1967

அன்புள்ள ரோஸி,

உன் கடிதம் வந்தது. சிரிக்கவில்லை. குடை வாங்கவில்லை.

கப்பல் உறுமுகிறது என்று எழுதியிருக்கிறாய். காற்றில்லாத இடத்தில் எதுவும் உறுமாது. பௌதிகம் படித்தவர் ஒருவர்கூட அந்த ஸ்டுடியோவில் இல்லையா? எல்லா நாட்டு முகமும் வேண்டும், வாய் மட்டும் ஒரு நாட்டுக்குப் போதும் என்பது எனக்குப் புதிதாகப் படவில்லை.

போன ஞாயிறு தாராவிக்குப் போய் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கால்சட்டை வந்த இடத்தைத் தாண்டிவிட்டேன். டெலிவிஷன் என்றால் என்ன என்று உன் அம்மா கேட்டார்கள். நானும் பார்த்ததில்லை. டில்லியில்தான் இருக்கிறது, இந்த ஊருக்கு இன்னும் வரவில்லை. ரேடியோவில் ஆள் தெரிவது மாதிரி என்று சொல்லிவைத்தேன்.

"அதுல இவ என்ன பேசுதா?"

பேசமாட்டாள், உட்கார்ந்திருப்பாள் என்றேன்.

"பேசாம உக்காந்திருக்கதுக்கு பகாரா, சம்பளமா? ஏ தாயி, பொறந்ததுல இருந்து வாய் மூடாத புள்ளல்லா அது. கொழாயடில இவ சத்தம் கேட்டு சயான் டேசன்ல ரயிலு நிக்கும்பாவ. அவளப் போயி வாயடச்சு உக்கார வச்சிருக்கானுவளே. வெள்ளக்காரன் கெட்டிக்காரந்தான்."

நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தாய்மார் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

புறப்படும்போது மூன்று வருடம் என்றாய். அது போன மாதத்தோடு முடிந்தது. தகவலுக்காக எழுதுகிறேன், வேறொன்றும் இல்லை. தம்பியோடு நாம் இருந்த மாதுங்கா வீட்டை விட்டு வரும்போது இரண்டு அறை உள்ள வீடாகத்தான் இந்தக் காலனியில் எடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். கிழக்கு அறை பூட்டியிருக்கிறது. ஞாயிறு தோறும் திறந்து தூசி தட்டுகிறேன்.

இப்படிக்கு
செல்வமேரி


சேசு மரி சூசை

லண்டன்,
12-11-1967

அன்பும் மதிப்பும் உள்ள மதினிக்கு,

உறுமல் விஷயத்தை மற்றவர்களுக்குச் சொன்னேன். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் என்றால் கப்பல் டாக்டர். கயானாவிலிருந்து வந்த பெரியவர், ஆயுசெல்லாம் மேடையில் நின்றவர். இங்கே அவருக்கு இரண்டே வசனம். யாராவது விழுந்தால் குனிந்து பார்த்து "உயிர் இருக்கிறது" என்பார், இல்லாவிட்டால் "உயிர் போய்விட்டது" என்பார். காலையில் வந்ததும் "இந்த வாரம் இருக்கிறதா, போய்விட்டதா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவார். இன்னொருவர் வேல்ஸ்காரர், மெக்கானிக். ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடமிருந்து வலமாகப் போவார். அந்தப் பெட்டியில் என்ன என்று இதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். நான்காம் பலகை எதற்காக? டைரக்டரைக் கேட்டால் "வேலை செய்கிற மாதிரி இரு" என்கிறார். எந்த வேலை என்று தெரிந்தால்தானே கை சரியாகப் போகும்? கதவு திறந்து சிலர் கப்பலை விட்டு வெளியே இறங்கிப் போகிறார்கள், நான் குமிழைச் சும்மா திருகிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

மூன்று வருடம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

உங்கள் அன்பு
ரோஸி


செம்பூர்,
20-11-1967

அன்புள்ள ரோஸி,

அது அசட்டுக் கேள்வி இல்லை. அந்தக் கதையில் நீ எழுதியவற்றில் புத்தியுள்ள விஷயம் அது ஒன்றுதான்.

கப்பலை விட்டுச் சிலர் வெளியே இறங்கிப் போகிறார்கள் என்று எழுதினாய் அல்லவா? அப்படியானால் உள்ளே ஒருவர் உட்கார்ந்து, வெளியே போனவர்களிடம் மூச்சுக்காற்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கேப்டன் இல்லாவிட்டாலும் கப்பல் கொஞ்ச நேரம் ஓடும். இவள் எழுந்து போனால் வெளியே இருப்பவன் பிழைக்கமாட்டான். உன் பலகை அதுதான் என்று வைத்துக்கொள். கதவு திறந்ததும் இடது கைக் குமிழைப் பிடி. போனவர் திரும்பும்வரை கையை எடுக்காதே. மற்றவர்கள் எவ்வளவு கத்தினாலும் திரும்பாதே. கண் அளவு காட்டும் முள்ளின் மேலேயே இருக்கட்டும். எல்லாரும் உள்ளே வந்த பிறகு மூச்சை விடு, அதுவும் பிறருக்குத் தெரியாமல்.

இங்கே எழுதும்படி ஒன்றும் இல்லை. மாதுங்காவில் நாம் காப்பி குடிக்கும் ஹோட்டலின் கண்ணாடியை யாரோ கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். மதறாசிகள் ஊருக்குப் போக வேண்டுமாம். எந்த ஊருக்கு என்று யோசித்துப் பார்த்தேன். கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கும் வானமாமலை மட்டும் "நமக்கு ஒண்ணும் வராது மேடம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். தினமும் சொல்வதால்தான் கவலையாக இருக்கிறது.

இப்படிக்கு
செல்வமேரி


சேசு மரி சூசை

லண்டன்,
3-12-1967

அன்பும் மதிப்பும் உள்ள மதினிக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கதவு திறந்தது, குமிழைப் பிடித்தேன், விடவில்லை. கேப்டனும் கதாநாயகியாக வரும் மஞ்சள் தலைக்காரியும் முன்னால் நின்று பெரிய வாக்குவாதம் செய்கிறார்கள், நான் திரும்பவே இல்லை. முடிந்ததும் கதை எழுதுகிறவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "அங்கே நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? காட்சியை விட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். வெளியே போனவர்களின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "இந்தப் பெண் யார்? எந்த ஊர்? யாரை விட்டு வந்தாள்?" என்று கேட்டார். யோசித்து எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

மதினி, எனக்கு அதெல்லாம் வராது. நீங்கள் எழுதுங்கள். நான் இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிறேன். டாக்டரும் வேல்ஸ்காரரும் உங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன என்று உங்களிடமே கேட்கப் போகிறாராம் அவர்.

உங்கள் அன்பு
ரோஸி


செம்பூர்,
12-12-1967

அன்புள்ள ரோஸி,

பேப்பரில் பார்த்திருப்பாய். நேற்று விடியுமுன் பூமி அதிர்ந்தது. கோய்னா அணைப் பக்கம் சேதம் அதிகமாம். இங்கே பாத்திரங்கள் விழுந்ததோடு சரி. தாராவியில் உன் அம்மா, அண்ணன்மார் எல்லாரும் நலம், நேரில் போய்ப் பார்த்துவிட்டேன்.

காலனியில் எல்லாரும் முற்றத்துக்கு ஓடிவந்தோம். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலனி செக்ரட்டரி கோமதிநாயகம் டார்ச்சோடு வந்து வீடு வீடாக விசாரித்தார்.

"ஒங்க வீட்ல யாரெல்லாம் வந்தாச்சு டீச்சர்?"

"நான்தான்."

"உள்ள வேற யாரு?"

"யாரும் இல்லை."

"அப்ப ஒங்க வீடு முடிஞ்சுது" என்று சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனார். கீழ்வீட்டு பேகம் தன் போர்வையில் பாதியை என் தோளில் போட்டுவிட்டு, "அகேலியா எப்படிம்மா இருக்கீங்க, டர் இல்லியா?" என்றாள். தனியாக இருந்து பழகிவிட்டது, பயமில்லை என்று சொன்னேன்.

இனி நீ கேட்டது. 'பெண்' என்று போட்டிருப்பதை அடிக்கச் சொல், அவளுக்கு நாற்பதுக்கு மேல். பெயரை அவர்களே வைக்கட்டும். ஊர் கடலோரம். வீட்டில் ஒருவர் இருக்கிறார். கணவன், பிள்ளை என்று வைக்க வேண்டாம், அது பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கிவிடும். என்ன உறவு என்று கேட்டால் சொல்லத் தெரியாத உறவு. ஒரே வீட்டில் இருந்தவர்கள், அவ்வளவுதான். இவள் ஒரு காலக்கெடு வைத்துக் கப்பலேறினாள். கெடு முடிந்துவிட்டது. கப்பலில் யாரும் கேட்காததால் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் தன் ஊர் எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். கப்பல் போகப் போக அந்த எண் பெரிதாகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் கேட்டால் போதும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவாள்.

இதற்கு மேல் கதை கட்ட எனக்கு வராது. அந்தப் பெட்டிக்குள் ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொல். தூக்குகிறவருக்குத் தெரியாத பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு
செல்வமேரி


சேசு மரி சூசை

லண்டன்,
4-2-1968

அன்பும் மதிப்பும் உள்ள மதினிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் காய்ச்சல் காலம், துணி மலையாகக் குவிகிறது. அதோடு ஒத்திகை வேறு.

நேற்று அந்தக் கதை வந்தது. நீங்கள் எழுதியது பெரும்பாலும் அப்படியே இருந்தது. பெயர் மட்டும் மீரா என்று வைத்தார்கள். ரோஸி என்றே இருக்கட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன், அது இந்தியப் பெயர் மாதிரி இல்லையாம்.

கேப்டன் முதல் தடவையாக என் பலகைக்கு வந்து நின்று, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். எனக்கு ஐந்து வரி வசனம் கொடுத்தார்கள். ஒப்பந்தம் புதிதாக எழுதினார்கள், கடைசியில் என் பெயரும் திரையில் போனது. வீட்டுக்கார அம்மாள் எழுந்து நின்று கை தட்டினாள். ஒரு தடவைக்கு மேல் அதை யாரும் பார்க்க முடியாது. படம் பதியும் நாடா விலை கூடியது என்பதால் அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிவு செய்வார்களாம்.

கதையின் முடிவில் மீராவை ஒரு சின்னப் படகில் ஏற்றி அவள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் எனக்கு இனி அங்கே வேலை இல்லை. வசனத்தை எழுதித் தந்த அன்றே டாக்டர் சொன்னார்: "உனக்கு ஊரும் உறவும் கொடுத்துவிட்டார்களா? அப்படியானால் உன்னை அனுப்பப் போகிறார்கள். வசனம் இல்லாத வரைக்கும்தான் நமக்கு இங்கே ஆயுசு." நான் நம்பவில்லை. அவருக்கு இதெல்லாம் பழக்கம்.

நான்காம் பலகையில் இப்போது ஒரு பெட்டி இருக்கிறது. விளக்கு தானாகவே எரிந்து அணைகிறது.

உங்கள் அன்பு
ரோஸி


செம்பூர்,
14-2-1968

அன்புள்ள ரோஸி,

வேலை போனது வருத்தம்தான். ஆனால் அது நிலையான வேலை இல்லை என்பது முதலிலேயே தெரிந்ததுதான். ஆஸ்பத்திரி வேலையையும் இதே சமயத்தில் விட்டுவிட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏப்ரல் கடைசியில் கப்பல் கிடைத்தால் மே மாதம் இங்கே வந்துவிடலாம். எனக்கும் விடுமுறை. கல்லூரி நூலகத்தில் ஓர் இடம் காலியாகிறது. முதல்வரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன், அவருக்குச் சம்மதம். கிழக்கு அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். காலையில் வெயில் நேராக விழுகிறது, அதனால் தலைமாட்டைச் சுவர்ப்பக்கம் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

அந்தச் சின்னப் படகைப் பற்றி. அவ்வளவு தூரத்துக்கு அதில் எரிபொருள் போதாது, நான் கணக்குப் பார்த்தேன். ஆனாலும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம்.

உன் அம்மாவிடம் மே மாதம் வருகிறாய் என்று சொன்னேன்.

"அவ சொன்னாளா, நீங்க சொல்லுதியளா?" என்று கேட்டார்கள்.

நான் சிரித்துவிட்டு வந்தேன். எந்தக் கப்பல் என்று எழுது. துறைமுகத்துக்கு வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு
செல்வமேரி


சேசு மரி சூசை

லண்டன்,
10-3-1968

அன்பும் மதிப்பும் உள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் யோசித்தேன். நான் வரவில்லை. மே மாதம் மட்டும் இல்லை. இதைச் சுற்றி வளைத்து எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது என்று நேராக எழுதுகிறேன்.

நீங்கள் எனக்குச் செய்ததை மறந்தால் நான் மனுஷி இல்லை. அவர் கண்ணை மூடியபோது, தம்பி பெண்டாட்டிதானே, தாராவிக்கே போகட்டும் என்று நீங்கள் விட்டிருக்கலாம். ஒருவரும் உங்களைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நீங்கள் வைத்துக்கொண்டீர்கள், படிக்க வைத்தீர்கள், டைப்பிங் அனுப்பினீர்கள். பதினோரு வருடத்தில் ஒரு கடிந்த சொல் கிடையாது.

ஆனால் மதினி, வேறு சொல்லும் அதிகம் கிடையாது. அவர் இருந்தபோது நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷில் பேசுவீர்கள், நான் குழம்பு ஊற்றுவேன். அவர் போன பிறகு நீங்கள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சாப்பிட்டீர்கள். என் வாய் அந்த வீட்டில்தான் மூடிப் பழகியது. அம்மா கூட்டிச் சொல்லவில்லை. ஸ்டுடியோவில் முதல் நாள், பேசவும் கூடாது, ஆள் இருப்பதும் தெரிய வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் ரொம்பச் சிரமப்பட்டார்கள். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். நீங்கள் எழுதியதை இங்கிலீஷில் மாற்றும்போதே அது யாருடைய ஆசை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் ஒரு வரி விடாமல் கொடுத்தேன். முதல் தடவையாக நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறீர்கள், அதை எப்படி விட முடியும்? ஆனால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருக்கிறவள் நான் இல்லை.

டாக்டரும் அவர் மனைவியும் ஞாயிறுகளில் ஒரு மாதா கோயில் ஹாலில் நாடகம் நடத்துகிறார்கள். எனக்கு மீன்காரி வேடம். ஒரு பக்கம் முழுக்கச் சண்டை. ஹாலுக்கு வெளியே கேட்கிறது என்று புகார் வந்திருக்கிறது.

அறையைப் பூட்டி வைக்காதீர்கள். யாருக்காவது கொடுங்கள். குடை வாங்குங்கள்.

என்றும் உங்கள்
ரோஸி


செம்பூர்,
31-3-1968

அன்புள்ள ரோஸி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதியதெல்லாம் விளக்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

தாராவிக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். அவர்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்கள். அழவில்லை. "சண்டக்காரி வேசமா? அப்ப நல்லாத்தான் இருக்கா" என்றார்கள். பிறகு நான், அறை காலியாகத்தானே இருக்கிறது, நீங்களாவது வந்து என்னோடு இருங்களேன் என்று கேட்டேன். அப்படிக் கேட்பேன் என்று போகும்போது எனக்கே தெரியாது.

"ஒங்க வீட்டுக்கா? வேண்டாம் தாயி. நீங்க தங்கமான மனுசி, அத நான் எங்க வேணா சொல்லுவேன். ஆனா மத்தியானக் கோயில் மாதிரில்லா இருக்கும் அங்க. இந்த ஒத்த அறைக் கோலிக்குள்ள பத்துப் பேரு கத்துதான், அதுல எனக்கு ஒறக்கம் வருது. அங்க வந்தா ரெண்டு நாள்ல செத்துருவேன்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வரும்போது குர்லாவில் வண்டி வெகுநேரம் நின்றது. உனக்கு பிப்ரவரியில் எழுதிய கடிதத்தை நினைத்துப் பார்த்தேன். அதில் கட்டில் இருந்தது, நூலகம் இருந்தது, படகுக்கு எரிபொருள் போதாது என்ற கணக்கும் இருந்தது. உனக்கு ஐந்து வரி வசனம் கொடுத்தார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அந்த நாடாவை இதற்குள் அழித்திருப்பார்கள். நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கவே இல்லை.

உடனே எழுத வேண்டும் என்று இல்லை. உனக்கு ஒத்திகை இருக்கும். எழுதாமல் விட்டாலும் நான் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

ஐந்து வரியும் வேண்டாம், முதல் வரி போதும். கேப்டன் உன் பலகைக்கு வந்து நின்று உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாரே. அவள் இன்னது சொல்வாள் என்று இங்கே உட்கார்ந்து எழுதியது நான். அங்கே வாய் திறந்தபோது, நீ என்ன சொன்னாய், ரோஸி?

அன்புடன்
மேரி